உடன்பிறந்த ஜோடியும் காது கேளாத குட்டிகளும்

கேள்வி: ஏற்காட்டில் நாகலூர் அருகே நான்கு ஏக்கரில் காப்பியும் மிளகும் பயிர் செய்து, பத்து வெள்ளாடுகளும் வளர்த்து வருகிறேன். காவலுக்காக ஒரே ஈற்றில் பிறந்த ராஜபாளையம் குட்டிகள் இரண்டை, ஆணும் பெட்டையுமாக, வாங்கினேன். அவற்றுக்குப் பிறந்த ஏழு குட்டிகளில் ஒன்று அன்றே இறந்துவிட்டது. இரண்டுக்குக் காது கேட்கவில்லை. நாட்டு நாயுடன் சேர்த்தால் குட்டிகள் திடமாக இருக்கும் என்கிறார் பக்கத்துத் தோட்டக்காரர். இனம் கெட்டுவிடும் என்கிறார் என் அண்ணன். தூய இன நாய்க்கும் கலப்பின நாய்க்கும் மரபணுவில் என்னதான் வேறுபாடு? அடுத்த ஈற்றுக்கு நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: அன்புடையீர், உங்கள் பெட்டையை அதன் உடன்பிறந்த ஆணுடன் இனி ஒருமுறைகூடச் சேர்க்காதீர்கள். அண்ணன் சொல்வதிலும் பக்கத்துத் தோட்டக்காரர் சொல்வதிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் உங்களுக்கு நேர்ந்த இழப்பில் இனத்தூய்மையைவிட உடன்பிறந்தவற்றைச் சேர்த்ததற்கே பங்கு அதிகம் என்று கருதுகிறேன்.

எந்த நாயானாலும் அதற்கு 39 ஜோடி நிறப்புரிகள்தான் (மரபணுக்களைத் தாங்கும் குரோமோசோம்கள்). மரபணுக்களின் பட்டியலும் ஒன்றுதான். ஒவ்வொரு மரபணுவுக்கும் தாயிடமிருந்து ஒரு பிரதியும் தந்தையிடமிருந்து ஒரு பிரதியும் வருகின்றன. நிறம், உயரம், முகவாக்கு ஆகியவை தலைமுறைதோறும் மாறாமல் வர வேண்டும் என்று மனிதர்கள் ஒரு சில நாய்களையே திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுத்ததால், தூய இனத்தில் பல மரபணுக்களின் இரண்டு பிரதிகளும் ஒரே வகையாகிவிட்டன. அதனால்தான் ராஜபாளையத்துக்கு ராஜபாளையமே பிறக்கிறது. ஆனால் அழகோடு சேர்ந்து குறைகளும் அப்படியே நிலைபெறுகின்றன. ஒரு பிரதி பழுதாக இருந்தாலும் மற்றொன்று நன்றாக இருந்தால் பல நோய்கள் வெளியே தெரிவதில்லை. இரண்டும் பழுதானால்தான் நோய் தலைகாட்டும். உடன்பிறந்தவற்றைச் சேர்க்கும்போது, குட்டியின் எந்த மரபணுவை எடுத்துக்கொண்டாலும் அதன் இரு பிரதிகளும் ஒரே முன்னோரின் ஒரே பிரதியிலிருந்து வந்திருக்க 25 விழுக்காடு வாய்ப்பு உண்டு. தந்தையோடு மகளைச் சேர்த்தாலும் இதே அளவுதான். தாயோ தந்தையோ ஒன்று மட்டும் பொதுவாக உள்ள நாய்களைச் சேர்த்தால் 12.5 விழுக்காடு. உங்கள் ஜோடியின் பெற்றோரும் உறவுடையவையாக இருந்திருந்தால் இது இன்னும் கூடும்.

காது கேளாமைக்கு இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கலாம். ராஜபாளையத்தின் பால் வெண்மைக்கும் இளஞ்சிவப்பு மூக்குக்கும் காரணம் நிறமிச் செல்கள் இல்லாமையே. உட்செவியிலுள்ள திரவத்தின் உப்புச் சமநிலையைக் காப்பதற்கும் அதே வகைச் செல்கள் தேவை. அவை அங்கே இல்லாவிட்டால், பிறந்த சில வாரங்களுக்குள் கேட்கும் நரம்புச் செல்கள் அழிந்துவிடுகின்றன. ஒரு காது மட்டும் கேளாத நாய் வீட்டில் இயல்பாகவே நடமாடும். நாமும் அதைக் குறையில்லாத நாய் என்று எண்ணி இனப்பெருக்கத்துக்கு விட்டுவிடுகிறோம். உங்கள் ஜோடியில் ஒன்று அப்படிப்பட்டதாக இருக்கக்கூடும்.

கலப்பினம் என்றாலே நோயற்றது என்று நம்பிவிடவும் கூடாது. அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழக டேவிஸ் வளாகத்தினர், 27,000க்கும் மேற்பட்ட நாய்களின் மருத்துவப் பதிவுகளைக் கொண்டு 24 மரபுவழிக் கோளாறுகளை ஆராய்ந்து 2013இல் வெளியிட்டனர். அவற்றுள் 10 கோளாறுகள் தூய இனங்களில் மிகுந்திருந்தன. 13 கோளாறுகளில் வேறுபாடு தெரியவில்லை. முழங்கால் தசைநார் கிழிதல் ஒன்று மட்டும் கலப்பினங்களிலேயே அதிகம். ஒரு பழுது இனம் முழுவதிலும் பரவிவிட்டால் மட்டுமே வெளியினக் கலப்பு தவிர்க்க முடியாததாகிறது. உடலெங்கும் புள்ளிகள் கொண்ட டால்மேஷன் இனத்தில், சிறுநீரில் கல் உண்டாக்கக்கூடிய யூரிக் அமிலம் தொடர்பான மரபணு எல்லா நாய்களிலும் பழுதாகியிருந்தது. எந்த டால்மேஷனைத் தேடிப் பிடித்தும் பயனில்லை என்பதால், 1973இல் பாயிண்டர் இன நாயுடன் ஒருமுறை கலந்து, பிறகு தலைமுறை தலைமுறையாக டால்மேஷனுடனேயே சேர்த்து நல்ல மரபணுவை உள்ளே கொண்டுவந்தார்கள். உங்கள் நிலைமை அந்த அளவுக்குப் போகவில்லை.

நாட்டு நாயைக் ‘கலப்படம்’ என்று தள்ளுவதும் சரியன்று. அது பல சாதி நாய்கள் கலந்து உருவானதன்று. மனிதர் தேர்வுக்கு அதிகம் உட்படாமல் நெடுங்காலமாக ஊரோடு வாழ்ந்த தனி மரபு. ஆகையால் அதன் மரபணு வகைகள் விரிவானவை. உங்கள் பெட்டையுடன் சேர்ந்தால் முதல் தலைமுறைக் குட்டிகள் பெரும்பாலும் திடமாகவே இருக்கும். ஆனால் அந்தக் குட்டிகளையே ஒன்றோடொன்று சேர்த்தால், வீரிய ஒட்டு மக்காச்சோளத்தில் விதை எடுத்து மறுபடி விதைத்தவருக்கு நேர்வதே நேரும்: ஒன்று உயரம், ஒன்று குட்டை, ஒன்று காவலுக்கு ஆகும், ஒன்று ஆகாது.

ஆகவே, ராஜபாளையமே வேண்டுமென்றால் மூன்று தலைமுறைக்கு உறவில்லாத, இரு காதும் கேட்கிற ஓர் ஆணை வேறு ஊரிலிருந்து தேடுங்கள். அதன் முந்தைய ஈற்றில் செவிட்டுக் குட்டிகள் பிறந்தனவா என்று கேட்டறிந்த பிறகே பெட்டையோடு சேர்த்துவையுங்கள். உங்கள் பெட்டையின் கேள்திறனையும் முன்னதாகவே கால்நடை மருத்துவரிடம் சோதித்துக்கொள்ளுங்கள். குறை தெரிந்தால் அதைக் குட்டி ஈனவிடாதீர்கள். ஆடு காக்கவும் தோட்டம் காக்கவும் நாய் இருந்தால் போதும் என்றால் நாட்டு நாயுடன் சேர்ப்பதில் தவறே இல்லை. ஆனால் அக்குட்டிகளை ராஜபாளையம் என்று சொல்லி விற்காதீர்கள். எந்த வழியானாலும், பெட்டை அடுத்த பருவத்துக்கு வருமுன் உடன்பிறந்த ஆணுக்குக் கருத்தடை செய்துவிடுவதே பாதுகாப்பானது. ஒரே ஈற்றில் இரண்டு ஆண்களின் குட்டிகள் பிறக்க முடியும் என்பதால், கண் மறைந்த நேரத்தில் அது ஒருமுறை சேர்ந்தாலும் உங்கள் முயற்சி வீணாகும்.

குட்டிகளுக்கு ஐந்து வாரம் ஆனதும், ஒவ்வொன்றையும் தனியே வைத்து, அது தூங்கும்போது பின்னாலிருந்து தட்டைத் தட்டிப் பாருங்கள். நிலம் அதிரவோ காற்று படவோ கூடாது. இப்போதுள்ள இரண்டு செவிட்டுக் குட்டிகளையும் மலைப்பாதைப் பக்கம் விடாமல் வேலிக்குள்ளேயே வளர்த்து, கை அசைவுக்குப் பழக்குங்கள். வேறு யாருக்காவது கொடுப்பதானால் குறையைச் சொல்லியே கொடுங்கள். வளர்ந்ததும் அவ்விரண்டுக்கும் கருத்தடை செய்வதோடு, எல்லா நாய்களுக்கும் வெறிநோய்த் தடுப்பூசியை ஆண்டுதோறும் தவறாமல் போட்டு வாருங்கள்.