காகிதக் கவசம் – கடிதம்

வணக்கம்.

மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். காகிதத்தில் கவசம் செய்வது பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, ஸ்கைரிம் வீடியோ விளையாட்டில் வரும் கொம்பு வைத்த இரும்புத் தலைக்கவசத்தைச் செய்தேன். பெப்பகுரா (முப்பரிமாண வடிவத்தைத் தாளில் வெட்டி ஒட்டும்படி விரித்துத் தரும் மென்பொருள்) கோப்பை இறக்கி, அச்சிட்டு, வெட்டி ஒட்டி முடித்தாயிற்று. ஆனால் தலையில் வைத்தால் மூக்கைத் தாண்டி இறங்குகிறது. விளையாட்டில் பார்த்த ஆணிகளும் சுத்தியல் தழும்புகளும் இதில் இல்லை, பட்டை பட்டையாக மொட்டையாக இருக்கிறது. அடுத்து, கெட்டியாவதற்கு ஃபைபர் கிளாஸ் ரெசின் என்ற இறுகும் திரவத்தைப் பூச வேண்டும் என்கிறார்கள். அப்பா வீட்டுக்குள் அது கூடாது என்கிறார். “அட்டை ஒட்டி விளையாடுற வயசா இது” என்றும் கேட்டார். பேசாமல் பணம் சேர்த்து த்ரீடி பிரிண்டர் வாங்கிவிடலாமா? இதற்குப் பொருத்தமாக ஒரு வாளும் செய்து சென்னை காமிக் கானுக்கு (காமிக்ஸ், விளையாட்டுப் பாத்திரங்கள்போல வேஷம் போட்டுப் போகும் விழா) போட்டுக்கொண்டு போக ஆசை.

எஸ்.,
திண்டுக்கல்

அன்புள்ள எஸ்.,

கொம்பு உட்பட ஒட்டி முடித்துவிட்டீர்கள் என்பதே எனக்குப் பெரிய சந்தோஷம். அந்தக் கொம்பு நுனிக்குப் போகப் போக விரல் நுழையாது. பலர் அங்கேதான் கைவிடுவார்கள்.

முதலில் ஆணிகள். ஸ்கைரிம் 2011-இல் வந்தது. எக்ஸ்பாக்ஸ் 360, பிளேஸ்டேஷன் 3 காலத்துக் கருவிகளில் ஓட வேண்டிய விளையாட்டு. விளையாட்டில் வரும் வடிவங்கள் எல்லாம் சிறு முக்கோணங்களை ஒட்டிக் கட்டியவை. ஒரே காட்சியில் எத்தனை முக்கோணங்களை வரையலாம் என்பதற்கு அந்தக் கருவிகளில் ஓர் எல்லை உண்டு. அதனால் கவசத்தின் பெரிய வடிவத்தை மட்டும் முக்கோணங்களால் கட்டிவிட்டு, ஆணி, கீறல், தழும்பு எல்லாவற்றையும் நார்மல் மேப் என்ற படத்தில் வைத்துவிடுவார்கள். அந்தப் படத்தின் ஒவ்வொரு புள்ளியும், அந்த இடம் எந்தப் பக்கம் சாய்ந்திருப்பதாக எண்ணி ஒளியைக் கணக்கிட வேண்டும் என்று சொல்கிறது. பரப்பு தட்டையாகவே இருக்கும், வெளிச்சம் மட்டும் மேடுபள்ளத்தில் விழுவதுபோல விழும். பெப்பகுரா முக்கோணங்களை மட்டுமே விரித்துக் கொடுக்கிறது. படத்தில் இருந்த ஆணி தாளுக்கு வராது.

ஆகவே இப்போது உங்கள் கையில் இருப்பது அந்தக் கவசத்தின் எலும்பு. அதைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். கொம்பு வளையும் இடத்தில் வளையங்கள் நெருக்கமாக இருக்கும், மண்டையின் மேற்பகுதி அகலமான பட்டைகளாக இருக்கும். கண் எங்கே போகும் என்று அந்தக் கலைஞர் நினைத்தாரோ அங்கே முக்கோணங்களைச் செலவழித்திருக்கிறார், மற்ற இடத்தில் மிச்சம் பிடித்திருக்கிறார். மை தீர்ந்த பேனாவால் ஒவ்வொரு மடிப்பையும் கீறி, எண்ணுக்கு எண் சேர்த்து ஒட்டியவருக்குத்தான் இது விரலில் தெரியும். காகிதத்தில் செய்வதை நான் இத்தனை பிடிவாதமாகச் சொல்வதற்குக் காரணமே இதுதான். பிரிண்டர் வாங்க வழியில்லாதவர்களுக்கான மாற்று ஏற்பாடு என்று இதை ஒருநாளும் நினைக்காதீர்கள்.

ஆணிகளை நீங்களே வைக்கலாம். தஞ்சாவூர் ஓவியத்தில் நகைகளைப் புடைக்க வைக்க சுண்ணக்கல் பொடியையும் பசையையும் குழைத்து வைப்பார்கள் இல்லையா, அதே வேலைதான். சாக்பீஸ் தூளை ஃபெவிகாலில் தோசை மாவைவிடக் கெட்டியாகக் குழைத்து, மருதாணிக் கூம்பில் அடைத்து, பொட்டுப் பொட்டாக வையுங்கள். பாதி காய்ந்ததும் ஈர விரலால் லேசாகத் தட்டினால் கூர் அமுங்கி, அடித்த ஆணியின் தலைபோல நிற்கும். சுத்தியல் தழும்புக்கு அதே கலவையை மெல்லப் பூசி, ஈரம் போவதற்குள் ஸ்பூனின் முதுகால் அங்கங்கே அமுக்குங்கள்.

அளவு விஷயம் கணக்குதான். காதுக்கு மேல் தலையின் அகலத்தை அளந்துகொள்ளுங்கள். 15.5 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். உள்ளே ஸ்பாஞ்ச் ஒட்ட இரண்டு பக்கமும் 2 செ.மீ. விட்டால் 19.5. இப்போதைய கவசத்தின் உள்ளகலம் 23 என்றால், 19.5-ஐ 23-ஆல் வகுத்தால் 0.85 வரும். கோப்பின் அளவை அந்த விகிதத்துக்குக் குறையுங்கள். முன்பின் நீளத்தையும் இதேபோலச் சரிபாருங்கள். இரண்டு விகிதமும் வேறாக வந்தால் பெரியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தை ஸ்பாஞ்சால் நிரப்புங்கள். அச்சிடும்போது தாளுக்கேற்பச் சுருக்கும் வசதியை அணைத்து 100 சதவீதத்தில் எடுக்க வேண்டும். முழுக் கவசத்தையும் ஒட்டும் முன்னால் அடி வளையத்தை மட்டும் வெட்டி, செலோ டேப் போட்டு, தலைக்குள் போகிறதா என்று பாருங்கள். பெரிதாகிப்போன முதல் கவசத்தைத் தூக்கிப் போடாதீர்கள். கலவையும் பெயிண்டும் சோதிக்க அதைவிட நல்ல பொருள் கிடைக்காது.

ரெசின் விஷயத்தில் நான் உங்கள் அப்பா பக்கம். ஃபைபர் கிளாஸ் வேலைக்கு எடுக்கும் பாலியஸ்டர் ரெசினிலிருந்து வரும் ஸ்டைரீன் ஆவியைத் துணி மாஸ்க் தடுக்காது. கடையில் ரெசினோடு இரண்டு சின்னப் பாட்டில்கள் தருவார்கள். ஊதா நிறத்தில் இருப்பது இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட், மற்றது ரெசினை இறுக வைக்கும் ஹார்ட்னர். அந்த இரண்டும் நேரடியாகக் கலந்தால் தீப்பிடிக்கலாம், வெடிக்கலாம். முதலில் கோபால்டை ரெசினில் முழுதாகக் கலக்கிவிட்டு, அப்புறம்தான் ஹார்ட்னரைச் சேர்க்க வேண்டும். பல வீடியோக்கள் இதைச் சொல்லாமல் தாண்டிப் போகின்றன, எனக்கு அதில் கோபம் உண்டு. திறந்தவெளியும், ரசாயன ஆவிக்கான கேட்ரிட்ஜ் மாஸ்க்கும், கூட நின்று சொல்லித்தரப் பழகிய ஓர் ஆளும் இல்லாமல் அதைத் தொடாதீர்கள்.

தலைக்கவசத்துக்கு அது தேவையும் இல்லை. உள்ளே காதுக்குக் காது ஓர் அட்டைப் பட்டையைக் குறுக்கே ஒட்டுங்கள், ஈரத்தில் விரிந்து போகாது. செய்தித்தாளை வெட்டாமல் கையால் கிழித்துக்கொள்ளுங்கள். கிழித்த ஓரம் மேடு தட்டாமல் படியும். கொஞ்சம் தண்ணீர் விட்ட ஃபெவிகாலில் தோய்த்து, பிழிந்து, உட்புறம் ஒட்டுங்கள். ஒரு அடுக்கு நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்தது. வெயிலில் வைத்தால் கோணும், ஃபேனுக்கு அடியில் வையுங்கள். நாலு அடுக்கு போட்டால் தட்டினால் மரம்போல ஓசை வரும். வெளியே சாக்பீஸ் கலவையை மெல்லப் பூசி 120 உப்புத்தாளால் தேய்த்து, பிறகு 320-ஆல் தேய்த்தால் நீங்கள் வருத்தப்பட்ட பட்டைகள் மறையும். ஆணிகளை அதற்குப் பிறகு வையுங்கள். பெயிண்டுக்கு முதலில் முழுக் கறுப்பு. அதன்மேல் பிரஷ்ஷைக் கிட்டத்தட்ட காய்ந்த நிலைக்குத் துடைத்துவிட்டு, விளிம்பிலும் ஆணித்தலையிலும் மட்டும் வெள்ளியை உரசுங்கள்.

அப்பாவின் கேள்விக்கு உங்களிடமே பதில் இருக்கிறது. முதலாமாண்டு இன்ஜினியரிங் கிராஃபிக்ஸில் ‘டெவலப்மென்ட் ஆஃப் சர்ஃபேஸஸ்’ படித்திருப்பீர்கள். வெட்டுப்பட்ட கூம்பையும் பட்டகத்தையும் தாளில் விரித்து வரைந்தீர்களே, அந்தக் கணக்கில்தான் ஏசி டக்ட் செய்பவர் தகரம் வெட்டுகிறார். உங்கள் கொம்பு, ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்த்து அடுக்கிய வெட்டுக் கூம்புகள்தான். கோப்பைத் திறந்து அப்பாவுக்குக் காட்டுங்கள். பிரிண்டர் பிறகு வாங்கலாம், அவசரமில்லை. ஆனால் முப்பரிமாண வடிவங்கள் செய்யும் பிளெண்டர் மென்பொருளில், காகித மாதிரியை விரித்துத் தரும் இலவச ஆட்-ஆன் (கூடுதல் இணைப்பு) இருக்கிறது, அதைப் பழகுங்கள். அடுத்த கவசம் இணையத்தில் தேடி எடுத்ததாக இல்லாமல், நீங்களே வடித்ததாக இருக்கட்டும்.

வாளுக்கு வெறும் காகிதம் நிற்காது, நடுவில் துவளும். கைப்பிடியில் தொடங்கி அலகின் முக்கால் நீளத்துக்கு வயரிங் பைப் ஒன்றை உள்ளே செலுத்தி, இரண்டு பக்கமும் பெட்டி அட்டைத் துண்டுகளால் முட்டுக் கொடுங்கள். இடைவெளிக்குத் தெர்மாகோல் வைக்கலாம், ஃபெவிகால் அதை ஒன்றும் செய்யாது. பாலியஸ்டர் ரெசின் பட்டால் மட்டும் கரைந்து உள்ளுக்குள் குழியாகிவிடும். முனையை மழுக்கி விடுங்கள், கூட்டத்தில் பிள்ளைகள் ஓடுவார்கள். திண்டுக்கல்லிலிருந்து பஸ்ஸில் கொண்டுபோக வேண்டுமே, அலகை நடுவில் பிரித்து, ஒரு பைப்புக்குள் இன்னொன்று செருகும்படி வையுங்கள். புதுக் கவசத்தில் கொம்புகளையும் நிரந்தரமாக ஒட்டாமல் காந்தம் வைத்துப் பொருத்துங்கள், கவசம், கொம்பு, வாள் மூன்றையும் ஒரே அட்டைப்பெட்டியில் மடியில் வைத்துக்கொண்டே போகலாம்.

அன்புடன்