பிரமிடைத் தவிர எகிப்தியக் கலை பிற்காலத்துக்கு என்ன கொடுத்தது?

நிறைய. ஆனால் இந்தக் கேள்விக்கு வழக்கமாக வரும் பதில் துட்டன்காமன் கல்லறையும் அதற்குப் பின் கிளம்பிய ஆர்ட் டெக்கோ என்ற அலங்காரப் பாணியின் எகிப்து மோகமும்தான். அதிலும் ஒரு வேடிக்கை உண்டு. ஹாலிவுட்டின் 'எகிப்தியன்' தியேட்டர் திறந்தது 1922 அக்டோபரில். கல்லறையின் படிக்கட்டு வெளிப்பட்டது நவம்பரில். மோகம் முன்பே இருந்திருக்கிறது! சரி, அதெல்லாம் மேல்பூச்சு. நான் ஒரு இடது காலைப் பார்க்கச் சொல்வேன்.

நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் கி.மு. 590 வாக்கில் செதுக்கிய கிரேக்க இளைஞன் சிலை ஒன்று இருக்கிறது. இந்த வகைக்குக் கூரோஸ் என்று பெயர். நேர்ப்பார்வை, விலாவை ஒட்டித் தொங்கும் கைகள், மடக்கிய விரல்கள், ஓரடி முன்னே வைத்த இடது கால். எகிப்திய மன்னர் மென்கௌரே, கிட்டத்தட்ட 1900 ஆண்டுகளுக்கு முன்பே கிசாவில் இதே மாதிரி நின்றுவிட்டார்.

கிரேக்கர்கள் இதை எங்கே பார்த்தார்கள்? கி.மு. ஏழாம் நூற்றாண்டில் முதலாம் சாம்திக் மன்னரின் படையில் கூலிக்குப் போர் செய்யப் போனார்கள். பின்னால் வணிகர்கள் நைல் டெல்டாவில் நௌக்ராடிஸ் நகரில் குடியேறினார்கள்.

நிற்கும் விதத்தோடு அளவுமுறையும் வந்தது. பள்ளி நாட்களில் பத்திரிகைப் படத்தின் மேல் கட்டம் போட்டு நடிகர் முகம் வரைந்தவன் நான். அந்தக் கட்டம் படத்தைப் பெரிதாக்க மட்டும்தான். எகிப்தியர் கட்டம் உடம்புக்கே அளவு சொல்வது: பாதத்திலிருந்து நெற்றியில் முடி தொடங்கும் இடம் வரை 18 கட்டம், பிற்காலத்தில் கண் வரை 21.

டியோடோரஸ் என்ற பழைய வரலாற்றாசிரியர் ஒரு கதை சொல்கிறார். தெலெக்ளிஸ், தியோடோரஸ் என்று இரண்டு சகோதரர்கள். ஒருவர் சாமோஸ் தீவிலும் மற்றவர் எபேசஸிலும் இருந்துகொண்டு ஒரே அப்பல்லோ சிலையைப் பாதிப் பாதியாகச் செய்தார்களாம். சேர்த்து வைத்தபோது கச்சிதமாகப் பொருந்தியது. உடலை இருபத்தொன்றேகால் பங்காகப் பிரிக்கும் எகிப்திய முறைதான் காரணம் என்கிறார். கதையை அப்படியே நம்ப வேண்டாம். ஆனால் நியூயார்க் சிலையை அளந்து பார்த்தவர்கள், அதன் விகிதங்கள் எகிப்திய அளவை நெருங்குவதைக் காட்டியிருக்கிறார்கள். எல்லாக் கூரோஸ்களும் அப்படி இல்லை என்பதும் உண்மை.

கிரேக்கர்கள் வெறுமனே நகலெடுக்கவில்லை. எகிப்தியச் சிற்பி முதுகுக்குப் பின்னால் ஒரு கல்தூணை விட்டுவைப்பார். கைக்கும் உடம்புக்கும் நடுவே உள்ள கல்லையும் பெரும்பாலும் எடுக்கமாட்டார். கிரேக்கர்கள் இரண்டையும் வெட்டி எறிந்தார்கள், இடுப்புத் துணியையும் சேர்த்து. அப்புறம் சிலை தன் காலிலேயே நிற்க வேண்டிய கட்டாயம். நூறு ஆண்டு கழித்து, கி.மு. 480 வாக்கில், ஏதென்ஸின் 'கிரிட்டியோஸ் சிறுவன்' என்ற சிலை வருகிறது. அவனுக்கு இடது கால் உடம்பின் பாரத்தைத் தாங்குகிறது. வலது கால் முழங்காலில் தளர்ந்து, லேசாக முன்னே வந்திருக்கிறது.