வாசகர் கேள்வி பதில்: ஃப்ரையரில் படிந்த பிசுக்கு

கேள்வி: 2 ஆண்டுகளாக ஒரு மின்சார டீப் ஃப்ரையரைப் பயன்படுத்திவருகிறேன். எண்ணெயை வடித்துவிட்டுப் பாத்திரம் கழுவும் திரவத்தால் எத்தனை முறை தேய்த்தாலும், உட்சுவரில் எண்ணெய் நிற்கும் மட்டத்திற்குச் சற்று மேலே பழுப்பு நிறத்தில் பசைபோல ஒட்டியிருக்கும் வளையம் மட்டும் போவதே இல்லை. கம்பி நாரால் தேய்க்கலாமா?

பதில்: கம்பி நாரைத் தயவுசெய்து எடுத்து வைத்துவிடுங்கள். குறை உங்கள் கைவலிமையில் இல்லை. சமையல் எண்ணெய் மெல்லிய படலமாகப் பரவிய நிலையில் மீண்டும் மீண்டும் சூடாகும்போது, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து, அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, ஏறக்குறைய வார்னிஷைப் போல இறுகிவிடுகின்றன. எண்ணெய் மட்டத்திற்கு மேலே மட்டும் அந்த வளையம் உருவாவதற்குக் காரணமும் இதுதான். சூடு, காற்று, மெல்லிய படலம் ஆகிய மூன்றும் அங்கேதான் ஒருசேர அமைகின்றன. பாத்திரம் கழுவும் திரவம் இளகிய எண்ணெயைப் பற்றி எடுத்துவிடும். இறுகிப்போன படலத்தை அது மேலோட்டமாக நனைப்பதோடு சரி.

இறுகிய படலத்தை இளக்குவதற்குக் காரத்தன்மையுள்ள வெந்நீரும் நேரமும் வேண்டும். எந்தக் காரம் என்பதை உங்கள் கலத்தின் உலோகம் தீர்மானிக்கிறது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அல்லது எனாமல் பூசிய கலமாக இருந்து, அதைத் தனியே கழற்றி எடுக்க முடியுமானால், 1 லிட்டர் வெந்நீருக்கு 2 மேசைக்கரண்டி வாஷிங் சோடா என்ற அளவில் கரைத்து ஊற்றி, ஒரு மணி நேரமாவது அப்படியே ஊறவிடுங்கள். காரம் பிசுக்கின் ஒரு பகுதியைச் சோப்பாகவே மாற்றிவிடுவதால், அதன் பிறகு மெல்லிய ஸ்பாஞ்சுக்கே அது வழிவிடும். ஒரே முறையில் போகாவிட்டால் இன்னொரு முறை ஊறவையுங்கள். கைகளில் ரப்பர் உறை அவசியம்.

அலுமினியக் கலத்திற்கும் கூடைக்கும் இந்த முறை ஆகாது. காரம் பட்டால் அலுமினியம் கறுத்துவிடும். சமையல் சோடாவைக் கொதிநீரில் போட்டாலும், அதன் ஒரு பகுதி வாஷிங் சோடாவாகவே மாறிவிடும் என்பதை நினைவில் வையுங்கள். நான்-ஸ்டிக் பூச்சுள்ள கலத்திற்குச் சமையல் சோடாவை ஆறிய நீரில் குழைத்து, வளையத்தின் மீது மட்டும் பூசி, 15 அல்லது 20 நிமிடங்களில் மென்மையாகத் துடைத்து எடுக்கலாம். இத்தனைக்கும் பிறகு, கையில் ஒட்டாத ஒரு மங்கலான கறை எஞ்சுமானால், அதை விட்டுவிடுவதே என் ஆலோசனை. பூச்சைக் கீறிவிட்டு வருந்துவதைவிடக் கறையோடு வாழ்வது மேல்.

சமையல் சோடாவையும் வினிகரையும் ஒன்றாகக் கலந்து ஊற்றச் சொல்லும் குறிப்பை நீங்களும் படித்திருப்பீர்கள். நுரை பொங்குவது பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் காரமும் அமிலமும் ஒன்றையொன்று முறித்துக்கொள்வதால், முடிவில் பிசுக்கை எடுக்கும் வலுவற்ற ஓர் உப்புக் கரைசலே கலத்தில் மிஞ்சுகிறது.

கேள்வி: என்னுடைய ஃப்ரையரில் உட்கலம் கழறாது, ஹீட்டர் காயில் வெளியில் தெரியாமல் அடியில் பதிந்திருக்கிறது. நீர் நிரப்பிச் சோப்புப் போட்டுக் கொதிக்கவைத்துவிட்டால் போதும் என்கிறார்கள். செய்யலாமா?

பதில்: சாதனத்தோடு வந்த கையேடு அனுமதித்தால் மட்டுமே செய்யலாம். ஃப்ரையரின் தெர்மோஸ்டாட் ஏறக்குறைய 150 முதல் 190 டிகிரி செல்சியஸ் வரையிலான எண்ணெய்க்காக அமைக்கப்பட்டது. நீரோ 100 டிகிரியைத் தாண்டாது. எனவே தெர்மோஸ்டாட் தானாக நிறுத்தும் கட்டம் வரவே வராமல், நீர் வற்றும்வரை கொதித்துக்கொண்டே இருக்கும். அதற்குள் சோப்பு நுரை பொங்கி வழிந்து மின்பகுதிக்குள் இறங்கவும் கூடும். கையேடு அனுமதித்தாலும், குறைந்தபட்ச, அதிகபட்சக் கோடுகளுக்கு இடையில் நீர் நிற்கவேண்டும். சோப்புத் திரவம் சில துளிகளுக்கு மேல் வேண்டாம். சில நிமிடங்களில் அணைத்துவிடவேண்டும். அதுவரை அருகிலேயே நிற்கவேண்டும்.

நான் இந்த வழியை விரும்புவதில்லை. வேறு பாத்திரத்தில் நீரைக் கொதிக்கவைத்து, மின்இணைப்பே இல்லாத ஃப்ரையரில் ஊற்றி, சோப்பிட்டு அரை மணி நேரம் ஊறவிட்டாலும் கிட்டத்தட்ட அதே பலன் கிடைக்கிறது. ஆனால் நீரைத் தொடுவதற்கு முன் செய்யவேண்டியவை உண்டு. பிளக்கைப் பிடுங்கியபின் எண்ணெய் முழுவதும் ஆற 2 மணி நேரத்திற்கும் மேல் ஆகலாம். ஆறியதும் வடித்து, அடியில் தங்கிய கருகிய துகள்களை மரக்கரண்டியால் அள்ளி, எஞ்சிய எண்ணெயைத் தாள் துண்டுகளால் ஒற்றி எடுத்துவிடுங்கள். பெரும்பாலோர் தவிர்த்துவிடும் வேலை இதுதான். இதை ஒழுங்காகச் செய்தால் சோப்பின் வேலை பாதியாகிவிடும்.

மின்பகுதியோடு இணைந்த எந்த ஃப்ரையரையும் நீரில் அமிழ்த்தவோ குழாயடியில் பிடிக்கவோ கூடாது. குவளையால் நீர் ஊற்றி, பொத்தான்கள் இல்லாத பக்கமாகச் சாய்த்துக் கொட்டுங்கள். காயிலும் பொத்தான்களும் ஒரே தொகுதியாக மேலே தூக்கி எடுக்கும்படி அமைந்த மாதிரிகளில், அந்தத் தொகுதியை ஈரத்துணியால் மட்டும் துடையுங்கள். காயிலின் வளைவுகளுக்குப் பழைய பல் துலக்கும் பிரஷ் பொருத்தமானது.

கேள்வி: நன்றாகக் கழுவிப் புது எண்ணெய் ஊற்றிய அன்றே, சூடேறும்போது எண்ணெய் படபடவென்று வெடித்து, அளவுக்கு மீறி நுரைத்தது. எண்ணெயில் கலப்படமா?

பதில்: எண்ணெயைக் குறை சொல்வதற்கு முன் உங்கள் கழுவலைச் சந்தேகிக்கவேண்டும். வெடிப்புக்குக் காரணம் எங்கோ தங்கிய நீர். நீர் எண்ணெயைவிடக் கனமானது என்பதால் அடியில் போய்த் தேங்குகிறது. சூடு ஏறியதும் நீராவியாகி, தன் பருமனைப்போல் 1,600 மடங்குக்கும் மேலாக விரிந்து, மேலிருக்கும் எண்ணெயைத் தூக்கி எறிகிறது. சில துளிகளே கையைச் சுட்டுவிடப் போதும். காயிலின் அடிப்புறம், வெப்ப உணரியைப் பிடித்திருக்கும் கொக்கி, கூடைப் பிடியின் உட்குழிவு ஆகியவை நீர் ஒளிந்துகொள்ளும் இடங்கள். துணியால் துடைத்து, மூடியைத் திறந்தபடி ஓர் இரவு முழுவதும் உலரவிடுங்கள். அவசரத்தில், எண்ணெய் இல்லாமல் சாதனத்தை இயக்கி ஈரத்தைப் போக்க முயலவேண்டாம். காயில் கருகிப்போகும், அல்லது பாதுகாப்பு விசை மின்சாரத்தைத் துண்டித்துவிடும்.

நுரைக்குக் காரணம் பெரும்பாலும் எஞ்சிய சோப்பு அல்லது சோடா. அது எண்ணெயை விரைவில் கெடுக்கவும் செய்யும். ஆகவே வெந்நீரில் 2 முறை அலசியபின், 10 பங்கு நீருக்கு 1 பங்கு வினிகர் கலந்து ஒரு முறையும், வெறும் நீரால் கடைசியாக ஒரு முறையும் அலசுங்கள். வினிகரைப் பயன்படுத்த ஏற்ற தருணம் இதுவே. எண்ணெய் புதிதாக இல்லாமல் நுரைக்கிறது என்றால், நிறம் கறுத்து, முன்பு புகையாத சூட்டிலேயே புகைகிறதா என்று பாருங்கள். அப்படியானால் அதை மாற்றிவிடவேண்டியதுதான்.

கேள்வி: மூடியைத் திறந்தாலே சிக்கு நாற்றம் வருகிறது. ஏன்?

பதில்: மூடிக்குள் வடிகட்டி இருக்கிறதா என்று பாருங்கள். நுரைப்பஞ்சு வடிகட்டியைச் சோப்பு நீரில் அலசி, நன்கு உலர்த்திப் பொருத்தலாம். கரித்தூள் வடிகட்டியைக் கழுவிப் பயனில்லை, புதிது வாங்கவேண்டும். மூடியின் ரப்பர் விளிம்பு மடிப்பையும் துடையுங்கள். நாற்றத்தின் இருப்பிடம் பல வேளைகளில் அதுதான்.

கேள்வி: வடித்த எண்ணெயையும் பிசுக்குத் துணிகளையும் என்ன செய்வது?

பதில்: எண்ணெயைக் கழுவுதொட்டியில் ஊற்றாதீர்கள், குழாயின் உட்சுவரில் படிந்து நாளடைவில் அடைத்துவிடும். ஆறியபின் மூடியுள்ள புட்டியில் நிரப்பி, பழைய எண்ணெயைச் சேகரிப்போர் இருந்தால் அவர்களிடம் கொடுங்கள். இல்லையேல் இறுக மூடிக் குப்பையில் சேருங்கள். எண்ணெய் தோய்ந்த துணிகளைக் குவித்து வைக்கக் கூடாது. நாம் முதலில் பார்த்த அதே ஆக்சிஜன் வினை, குவியலுக்குள் சூட்டைப் பெருக்கித் தானாகவே தீப்பற்றச் செய்யவும் கூடும். விரித்து ஆறப்போட்டு, வெந்நீரில் சோப்பிட்டு அலசுங்கள். பிசுக்கு எஞ்சியிருக்கும் துணியைத் துணி உலர்த்தும் இயந்திரத்தில் போடாதீர்கள்.