எது உண்மையான பூனை?

வணக்கம் ஐயா. ஆரையம்பதியிலிருந்து எழுதுகிறேன். வெளிநாட்டில் இருக்கும் மச்சாள் என் மகளுக்கு 'தே ஆல் சா அ கேட்' என்ற படப்புத்தகத்தை அனுப்பியிருந்தாள். ஒரே பூனையைப் பிள்ளை, நாய், எலி, தேனீ எல்லாம் எப்படிப் பார்க்கின்றன என்பதுதான் கதை. நான் தமிழில் சொல்லிக் காட்டுகிறேன். மகளுக்கு ஆறு வயது. "இதில எதும்மா உண்மையான பூனை?" என்று கேட்டாள். பிள்ளை பார்க்கிற பூனைதான் என்று சொல்லிவிட்டேன். போன கிழமை மேசைக்கு அடியில் இருந்து பார்த்த மாதிரி ஒரு பூனைப் படம் கீறிக்கொண்டு போனாள். நாலு காலும் வால் நுனியும் மட்டும்தான். "முழுசாகக் கீறு" என்று பள்ளிக்கூடத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். நான் சொன்னது சரியா?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கச்சி,

நீங்கள் சொன்னதில் பெரிய குற்றமில்லை, நாமும் மனுசர்தானே. ஆனால் அதை எலியிடம் போய்ச் சொல்ல முடியாது. பிரெண்டன் வென்செல் 2016இல் வெளியிட்ட அந்தப் புத்தகத்தில் எலிக்குத் தெரிவது பல்லும் நகமும், தெள்ளுக்கு ஒரு மயிர்க்காடு, தேனீக்கு வெறும் புள்ளிகள். எல்லாம் சும்மா விளையாட்டுக்குக் கீறியதில்லை. தேனீக்குச் சிவப்பு தெரியாது, நமக்குத் தெரியாத ஊதாக்கடந்த ஒளி தெரியும். குழிவிரியன் இனப் பாம்புகளுக்குக் கண்ணுக்கும் மூக்குத்துளைக்கும் நடுவில் ஒரு குழி, இருட்டிலும் இரையின் உடம்புச் சூட்டை அது பிடித்துவிடும். புத்தகத்தில் பாம்பு பார்க்கிற பூனை கலர் கலராக இருப்பது ஏன் என்று இப்போது மகளுக்குச் சொல்லலாம்.

நான் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் வளர்ந்தவன். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை பாதையில்தான் வாவியைக் கடப்போம் (வெளியூர்க்காரர் ரோட்டு என்று நினைக்க வேண்டாம், ஆளையும் வண்டியையும் ஏற்றிப்போகும் மிதவைக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர்). சின்ன வயதில் எனக்கு ஒரு சந்தேகம். எங்கள் முற்றத்தில் நின்றால் சூரியன் வாவிக்கு மேலால் எழும்பி வரும், படுவது எங்கேயோ வயலுக்குப் பின்னால், பிறகேன் எங்கள் கரைக்குப் படுவான் என்று பெயர்? அம்மம்மா பாதையில் நின்றபடி சொன்னா: "அது அங்கால இருக்கிறவங்க நம்மளப் பாத்து வெச்ச பேரு மனே. எழுவான் எண்டது நாம அவங்களுக்கு வெச்ச பேரு."

நீங்கள் வாவிக்குக் கிழக்கே இருக்கிற எழுவான்கரைக்காரி. ஒரு பின்னேரம் மகளைக் கூட்டிக்கொண்டு போய் அந்தப் பாலத்து நடுவில் நில்லுங்கள், இதைச் சொல்லுங்கள். அப்புறம் பூனையைப் பற்றித் திரும்பவும் கேட்டால், "யாருக்கு?" என்று நீங்களே அவளைக் கேட்டுப் பாருங்கள்.

பள்ளிக்கூட விசயம் வாசிக்க எனக்குக் கோபம்தான் வந்தது. மேசைவிரிப்பு மறைத்ததைப் பிள்ளை கீறவில்லை, கண்ணுக்குத் தெரிந்ததைக் கீறியிருக்கிறாள். முதுகும் தலையும் சேர்த்திருந்தால் அல்லவா அது பிழை? அந்தப் படத்தை அழித்துக் கீற விடாதீர்கள். நீங்களும் ஒருக்கால் அதே மேசைக்கு அடியில் குந்திப் பாருங்கள். முழங்கால் நோகும், பரவாயில்லை.