கல்வீட்டுச் சுவரில் முழங்கால் உயர ஈரம்

இரண்டு முறை நீர்தடுப்பு வண்ணம் பூசியும் அடிச்சுவரில் ஈரம் போகவில்லை, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றாம் முறையும் அதைப் பூசாதீர்கள். அடிச்சுவரின் சிமெண்டுப் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, மூட்டையில் என்.எச்.எல். 3.5 (NHL 3.5) என்று அச்சிட்ட, நீருடன் சேர்ந்து இறுகும் இயற்கைச் சுண்ணாம்பை மணலுடன் கலந்து பூசுங்கள்; அது ஈரத்தை வெளியே விடும்.

பிரான்சின் க்ரூஸ் மாவட்டத்துப் பழைய கல்வீடு என்கிறீர்கள். நீங்கள் சொல்லும் வெள்ளை உப்புப் பொருக்கு, மண்சாந்துச் சுவர் உறிஞ்சும் நிலத்தடி ஈரம் வெளியேற வழியின்றிச் சிமெண்டுக்குப் பின்னால் தங்குவதால் வருவதாகவே தோன்றுகிறது.

கொத்துவதற்கு முன், ஓரடிச் சதுரப் பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் அடைத்து ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். சுவரை ஒட்டிய பக்கம் வியர்த்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. அறைப்பக்கம் வியர்த்தால் காற்றோட்டம்தான் குறை. வெளியே மண்மட்டம் உள்தரையைவிட உயர்ந்திருந்தால், அதை வெட்டி இறக்காமல் எந்தப் பூச்சும் நிலைக்காது.

1949க்கு முன் கட்டிய வீடுகளின் பழைய வண்ணத்தில் ஈயம் இருக்கலாம் என்பதால், வீடு வாங்கியபோது தந்த ஈய ஆய்வறிக்கையைப் பார்க்காமல் உலர்வாகச் சுரண்டாதீர்கள்.