பழைய பட்டைக் கொடுக்காதீர்கள், ஜாக்கெட்டை மாற்றுங்கள்

கேள்வி: வயது 66. மார்த்தாண்டம் பக்கம், ஓய்வுபெற்ற ஆசிரியை. என் கல்யாணப் பட்டு, அம்மாவின் காஞ்சிப் பட்டு ஒன்று, கைத்தறிப் பருத்திச் சேலைகள் கொஞ்சம் பீரோவில் கிடக்கின்றன. ஜாக்கெட் ஒன்றும் சேரவில்லை. பட்டு உடுத்தினால் தோளும் இடுப்பும் வலிக்கிறது. "இந்த வயசுல எதுக்கு இந்தக் கனம், லைட் வெயிட்டா நாலு எடுங்க" என்கிறாள் மருமகள். பழைய பட்டு வாங்க வருகிறவர் இரண்டுக்கும் சேர்த்து 5,000 ரூபாய் தருவதாகச் சொல்கிறார். ஆவணியில் தம்பி மகள் கல்யாணம். கொடுத்துவிடலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம் டீச்சர். அந்த ஆளை முதலில் அனுப்பிவிடுங்கள், மற்றதைப் பிறகு பேசுவோம்.

அவருக்கு வேண்டியது சேலை இல்லை, வெள்ளி. அந்தக் காலத்து நல்ல காஞ்சிப் பட்டின் சரிகை, பட்டு நூலின் மேல் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பியைச் சுற்றிப் பொன் முலாம் பூசியது. சேலையை எரித்து அந்த வெள்ளியைப் பிரித்தெடுப்பார்கள். வெறும் போலிச் சரிகை என்றால் உங்கள் படியை அவர் இரண்டாம் தடவை மிதிக்கமாட்டார். கரையை விரலால் தேய்த்துப் பார்த்து "சரிகை செத்துப்போச்சும்மா" என்று முகத்தைச் சுளிப்பார். செத்த சரிகைக்கு 5,000 எதற்கு என்று கேளுங்கள். இன்னொரு வகை ஆள் காசே தரமாட்டார், பழையதை வாங்கிக்கொண்டு புதுச் சேலை தருவார். அந்தப் புதுச் சேலையில் ஓரத்து நூல் ஒன்றை உருவித் தீயில் காட்டுங்கள். பட்டென்றால் முடி கருகின வாடை வரும், சாம்பல் விரலில் பொடியும். பாலியஸ்டர் உருகிக் கெட்டி மணியாக நிற்கும். அநேகமாக மணிதான் கிடைக்கும்.

இனி வலி. சேலையின் மொத்தக் கனத்தையும் பாவாடை நாடா தாங்குகிறது. கயிறு மாதிரி மெல்லிய நாடாவை ஒரே இடத்தில் வருஷக்கணக்காக இறுக்கிக் கட்டினால் இடுப்பில் தோல் கறுத்து, சிலருக்குப் புண்ணாகவும் ஆகிறது. இரண்டு அங்குல அகலத்தில் பட்டை வைத்த பருத்திப் பாவாடை தைத்துக்கொள்ளுங்கள். இடுப்பு வலியில் பாதி அங்கேயே குறையும். முந்தியைத் தோளின் உச்சியில் குத்தாமல், தோள் தையலுக்குச் சற்றுப் பின்னால் குத்துங்கள். சேலை முன்னால் இழுக்காது. ஊக்கு சரிகையில் ஏறக்கூடாது. உள்ளே ஒரு துண்டுத் துணி வைத்துக் குத்துங்கள்.

ஜாக்கெட்டுக்கு வருகிறேன். தையல்காரர் "அளவு ஜாக்கெட் கொண்டு வாங்க" என்பார். கொண்டு போகாதீர்கள். அது உங்கள் ஐம்பது வயது உடம்பின் அளவு. இப்போது முதுகு கொஞ்சம் வளைந்திருக்கும், தோள் முன்னால் வந்திருக்கும். பின்பக்க உயரம் கூட வேண்டும், முன்பக்கம் குறைய வேண்டும், டார்ட் (முன்பக்கத்தில் மடித்துத் தைக்கும் பிடிப்பு) முனை கீழே இறங்க வேண்டும். பழைய அளவிலேயே தைத்துப் பக்கத்தில் மட்டும் பிரித்துவிட்டால் முன்னால் தொளதொளக்கும், பின்னால் மேலே ஏறும். டேப்பை எடுத்து உடம்பில் அளக்கச் சோம்பல்படுகிற கடைக்குப் போகவே போகாதீர்கள்.

அடுத்த பொறி கைக்குழி. "வயசானவங்க, ஃப்ரீயா இருக்கட்டும்" என்று கைக்குழியை ஆழமாக வெட்டிவிடுவார்கள். கையைத் தூக்கினால் முழு ஜாக்கெட்டும் கூடவே எழும்பும். கைக்குழி கக்கத்துக்கு ஒட்டி மேலேயே இருந்தால்தான் கை தாராளமாக அசையும். கேட்க முரணாக இருக்கும், போட்டுப் பார்த்தால் தெரியும். கொக்கி முன்னால் இருக்கட்டும், கை முழங்கை வரை வரட்டும், பக்கத் தையலில் உள்ளே ஒரு அங்குலம் துணி விடச் சொல்லுங்கள். லைனிங் பருத்திதான். நனைத்துக் காயவைத்த பிறகு வெட்ட வேண்டும். 'டூ பை டூ' பருத்தி என்று சொல்லிப் பாலியஸ்டர் கலந்ததை நீட்டுவார்கள். இந்த ஊர் வெக்கையில் அது முதுகோடு ஒட்டும்.

உடுத்தக்கூடாத பட்டும் உண்டு, அதைச் சொல்லாமல் விடமுடியாது. பல வருஷம் ஒரே மடிப்பில் கிடந்தால் மடிப்புக் கோட்டில் பட்டு இற்றுவிடும். ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பிடித்து, மடிப்புக்கு இருபுறமும் பிடித்து மெதுவாக இழுங்கள். சரசரவென்று நூல் விடும் சத்தம் கேட்டால் கையை எடுத்துவிடுங்கள். எங்கே இற்றிருக்கிறது என்பதுதான் கேள்வி. முதலில் செருகும் உள்முனையில் என்றால் கவலையில்லை, யாரும் பார்க்கப்போவதில்லை. முந்தியில் என்றால் பின்னால் மெல்லிய நெட் வைத்துத் தைக்கலாம். கொசுவத்தில் என்றால் குனியாமல் நிமிராமல் ஒரு மணி நேரம் சமாளிக்கலாம். இடுப்பைச் சுற்றி வரும் பகுதியில் என்றால் உடுத்தவே வேண்டாம். பந்தியில் உட்கார்ந்த உடனே கிழியும். அப்போதும் அந்த ஆளைக் கூப்பிடாதீர்கள். கரையும் முந்தியும் நன்றாக இருந்தால் பிரித்தெடுத்துப் புது உடலில் வைத்துத் தைக்கலாம்.

மருமகள் சொல்லும் லைட் வெயிட் வாங்கலாம், பழையதை விற்று வாங்க வேண்டியதில்லை. கடையில் பட்டு முத்திரையை ('சில்க் மார்க்') காட்டி எல்லாவற்றையும் தலையில் கட்டுவார்கள். அந்த முத்திரை சொல்வது நூல் அசல் பட்டு என்பதை மட்டும். சரிகையைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது, கையால் நெய்ததா என்பதும் தெரியாது. கைத்தறிக்கு வேறு முத்திரை, காஞ்சிபுரத்துக்குப் புவிசார் குறியீடு வேறு. சேலைக்கு ஐந்து இலக்கத்தில் காசு கொடுக்கிறவள் மூன்று முத்திரை படித்துத் தேற வேண்டுமாம்! சில வகைச் சேலைகள் கைத்தறிக்கு மட்டுமே என்று 1985லேயே சட்டம் போட்டாயிற்று. கடை மேசையில் விசைத்தறிச் சேலை கைத்தறி என்ற பெயரில் கிடப்பது அதற்குத் தெரிவதில்லை. பில்லில் 'அசல் பட்டு', 'அசல் சரிகை', 'கைத்தறி' என்று தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

தோள் தாங்காத நாளுக்கு முண்டும் நேரியதும் (இரண்டு துண்டாக உடுத்தும் கேரளத்துச் சேலை) இருக்கவே இருக்கிறது. அதை நெய்கிற பலராமபுரம் உங்களுக்குப் பஸ்ஸில் போய்வரும் தூரம். பருத்திச் சேலைகளைத் தினமும் உடுத்துங்கள், பூட்டி வைக்காதீர்கள். இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டத்தில் பீரோவுக்குள் இருப்பதில்தான் முதலில் பூஞ்சை பூக்கும். பட்டை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பு மாற்றி வையுங்கள், பாச்சை உருண்டை சரிகையில் படக்கூடாது.

கல்யாணம் ஆவணியில் என்றால் ஆடி பிறந்ததுமே துணியைக் கொடுத்துவிடுங்கள். ட்ரையலில் கண்ணாடி முன் நின்று பார்த்துவிட்டு வராதீர்கள். கடை ஸ்டூலில் உட்கார்ந்து, பிள்ளைகளுக்கு அட்சதை போடுகிற மாதிரி கையைத் தூக்கிப் பாருங்கள். ஜாக்கெட் எழும்பினால் அங்கேயே திருப்பிக் கொடுங்கள்.