குவெரி ஓடுது, பெட்டியில் விடை வரலை: கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகள் எல்லாமே ஒரே இடத்தைச் சுற்றி வருகின்றன. டேட்டாபேஸில் குவெரி (டேபிளிலிருந்து தகவல் கேட்கும் கட்டளை) நன்றாக ஓடுகிறது, ஆனால் அதன் விடை ஃபார்மில் இருக்கும் டெக்ஸ்ட் பாக்ஸுக்கு வந்து சேர மாட்டேன் என்கிறது. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கத்திலிருந்து கேட்டவர்களில் பாதிப் பேருக்கு மேல் புரோகிராமர்கள் அல்ல. கணக்கு எழுதுபவர்கள், கல்லாவில் உட்காருபவர்கள். அவர்களிடம் இருப்பது மைக்ரோசாஃப்ட் அக்சஸ் என்பதால் அதை வைத்தே சொல்கிறேன். ஃபங்ஷன் பெயர்களைத் தமிழில் எழுதியிருக்கிறேன், அடிக்கும்போது ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.

வேலூர், லாட்ஜ் வரவேற்பில் இருப்பவர்: சார், ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் எங்களிடம் வாரக்கணக்கில் தங்குவார்கள். அறை எண்ணைத் தேர்ந்தெடுத்தால் நாள் வாடகை பக்கத்துப் பெட்டியில் வர வேண்டும். ஓடுகிற செலக்ட் வரியை அப்படியே டெக்ஸ்ட் பாக்ஸின் கன்ட்ரோல் சோர்ஸில் ஒட்டினேன். #நேம்? என்று நிற்கிறது.

பெட்டியில் எதைக் காட்ட வேண்டும் என்று சொல்லும் இடம்தான் கன்ட்ரோல் சோர்ஸ், அது இரண்டே வகையைத்தான் ஏற்கும். ஒன்று, ஃபார்மின் ரெக்கார்டு சோர்ஸில் (ஃபார்ம் தகவல் எடுக்கும் டேபிள் அல்லது குவெரி) இருக்கும் ஒரு ஃபீல்டின் பெயர். இன்னொன்று, சமக்குறியில் தொடங்கும் கணக்கு. நீங்கள் ஒட்டிய வரியில் சமக்குறி இல்லை. அதனால் அக்சஸ் அந்த முழு வரியையும் ஒரு ஃபீல்டு பெயர் என்று நினைத்துத் தேடுகிறது. கிடைக்கவில்லை என்பதைத்தான் #நேம்? என்று சொல்கிறது. முன்னால் சமக்குறி போட்டாலும் செலக்ட் வரி அங்கே செல்லாது.

அதற்கென்று இருக்கும் ஃபங்ஷன் டிலுக்கப். எந்த ஃபீல்டு, எந்த டேபிள், என்ன நிபந்தனை என்று மூன்றைக் கேட்கும். அறை எண் பெட்டிக்குத் 'தேர்வு' என்று பெயர் வைத்தால் இப்படி வரும்:

=டிலுக்கப்("வாடகை", "அறைகள்", "அறைஎண் = " & என்இசட்([தேர்வு], 0))

இதில் என்இசட் எதற்கு என்றால், ஃபார்ம் திறந்தவுடன் தேர்வு காலியாக இருக்கும், அப்போது அதற்குப் பதில் 0 கொடுப்பது இதுதான். என்இசட் இல்லாவிட்டால் நிபந்தனை 'அறைஎண் =' என்று பாதியில் நின்று #எரர் காட்டும். உங்கள் அறை எண்களில் 12ஏ, 12பி என்று எழுத்தும் கலந்திருந்தால் அந்த ஃபீல்டு டெக்ஸ்ட் வகை, அதற்கு மேற்கோள் வேண்டும். அடுத்த பதிலில் சொல்கிறேன்.

உங்களுக்கு இதைவிட எளிய வழியும் உண்டு. தேர்வு ஒரு காம்போ பாக்ஸ் (கீழே விரியும் பட்டியல்) என்றால், பட்டியலின் வரிகளைத் தரும் ரோ சோர்ஸில் அறை எண்ணோடு வாடகையையும் சேர்த்து எடுங்கள். காலம் கவுன்ட் (நெடுவரிசை எண்ணிக்கை) 2 என்று வையுங்கள், வாடகை நெடுவரிசையின் அகலத்தை 0 ஆக்கினால் கண்ணுக்குத் தெரியாது. டெக்ஸ்ட் பாக்ஸில் =[தேர்வு].காலம்(1) என்று போட்டால் போதும். எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்குவதால் இரண்டாவது நெடுவரிசை 1 ஆகிறது. டேபிளை மறுபடி போய்ப் படிக்க வேண்டியதும் இல்லை.

குடியாத்தம், லுங்கி மொத்த வியாபாரம்: கடைப் பெயரைத் தேர்ந்தெடுத்தால் பாக்கித் தொகை வருகிறது. ஆனால் சில கடைகளுக்கு வேறு யாருடைய பாக்கியோ வருகிறது. புதுக் கடைகளுக்குப் பெட்டி காலியாகவே இருக்கிறது.

முதல் பிரச்சினையைத் தள்ளிப் போடாதீர்கள், இது பண விஷயம். டெக்ஸ்ட் பாக்ஸில் ஒரு மதிப்புதான் நிற்கும், குவெரியோ எத்தனை வரி வேண்டுமானாலும் தரும். டிலுக்கப்புக்கு மூன்று வரி பொருந்தினாலும் கையில் முதலில் கிடைத்ததைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்துவிடும், எச்சரிக்கை எதுவும் வராது. உங்கள் பட்டியலில் 'முருகன் ஸ்டோர்' என்று பள்ளிகொண்டாவில் ஒன்றும் பேரணாம்பட்டில் ஒன்றும் இருந்தால், ஒருவர் பாக்கியை இன்னொருவரிடம் கேட்டு நிற்பீர்கள். அதனால் பெயரை வைத்துத் தேடாதீர்கள். ஒவ்வொரு கடைக்கும் ஓர் எண் கொடுத்து அதை பிரைமரி கீ (இரண்டு கடைக்கு ஒரே எண் வராதபடி காக்கும் அடையாளம்) ஆக்குங்கள். காம்போவில் கண்ணுக்குப் பெயரும் ஊரும் தெரியட்டும், தேடல் எண்ணை வைத்து நடக்கட்டும்.

இப்படிச் செய்தால் மேற்கோள் தொல்லையும் போய்விடும். டெக்ஸ்ட் ஃபீல்டில் தேடும்போது மதிப்பின் இரு பக்கமும் ஒற்றை மேற்கோள் வைக்க வேண்டும். கடைப் பெயருக்குள்ளேயே ஒரு மேற்கோள் இருந்தால் நிபந்தனை அங்கேயே உடைந்துவிடும். எண்ணுக்கு அந்தக் கவலையே இல்லை.

காலிப் பெட்டிக்குக் காரணம், பாக்கியைக் கூட்டித் தரும் டிசம் ஃபங்ஷன் பில்லே இல்லாத கடைக்குப் பூஜ்யம் தராது, 'நல்' என்ற வெற்று மதிப்பைத் தரும். நல்லோடு எதைக் கூட்டினாலும் நல்தான், அதனால் கீழே உள்ள மொத்தமும் காலியாகும். டிசம் முழுவதையும் என்இசட்டுக்குள் வைத்து, இல்லாவிட்டால் 0 என்று சொல்லிவிடுங்கள்.

ஆம்பூர், ஷூ யூனிட் அலுவலகம்: அண்ணா, பின்கோடு அடித்தால் மாவட்டம் தானாக வருகிற மாதிரி செய்து வைத்திருக்கிறோம். இன்னும் வேலூர் என்றே காட்டுகிறது. டேபிளை மாற்றினால் பழைய பில்லும் மாறிவிடுமா?

மாறும். ஆகவே கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்கும், ஆற்காடு, வாலாஜா, அரக்கோணம் எல்லாம் ராணிப்பேட்டைக்கும் போயின. பின்கோடு மட்டும் அப்படியே இருக்கிறது: ஆம்பூர் 635802, வாணியம்பாடி 635751. பின்கோடு தபால்துறையின் எண், மாவட்ட எல்லையோடு சேர்ந்து நகராது. ஒரே பின்கோடில் பல தபால் நிலையங்களும் இருக்கும். அதனால் பின்கோடை மட்டும் வைத்து ஊரின் பெயரை எடுக்காதீர்கள். முதலில் கிடைக்கும் ஊர் வந்து உட்கார்ந்துவிடும்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். டெக்ஸ்ட் பாக்ஸில் டிலுக்கப் காட்டுவது அந்த நிமிடத்தில் டேபிளில் என்ன இருக்கிறதோ அது. பில்லோடு சேர்ந்து எங்கேயும் சேமிக்கப்படுவதில்லை. டேபிளில் திருப்பத்தூர் என்று திருத்தினால் 2017 பில்லைத் திறந்தாலும் திருப்பத்தூர் என்றே வரும். மாவட்டத்தில் இதைப் பொறுத்துக்கொள்ளலாம், வரி விகிதத்தில் முடியாது. ஜோடி ஆயிரம் ரூபாய் வரையிலான காலணிக்கு ஜிஎஸ்டி 5 சதவீதமாக இருந்து 2022 ஜனவரி 1 முதல் 12 ஆனது. 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரைக்கும் 5 என்று ஆகியிருக்கிறது. விகிதத்தை டிலுக்கப்பில் மட்டும் காட்டிக்கொண்டிருந்தால் பழைய பில்லை மறுபடி அச்சடிக்கும்போது வரி மாறிப்போகும். ஆடிட்டர் கேட்டால் பதில் இருக்காது.

ஆகவே விலை, வரி விகிதம், பில் முகவரி மூன்றுக்கும் பில் டேபிளிலேயே ஃபீல்டு வையுங்கள். டெக்ஸ்ட் பாக்ஸின் கன்ட்ரோல் சோர்ஸ் அந்த ஃபீல்டாக இருக்கட்டும். பொருளைத் தேர்ந்தெடுக்கும் காம்போவின் ஆஃப்டர் அப்டேட்டில் (தேர்வு மாறியவுடன் ஓடும் இடம்) டிலுக்கப்பை ஒரு முறை ஓட்டி, விடையை அதில் போடுங்கள். அன்றைய விகிதம் அன்றைய பில்லோடு தங்கிவிடும்.

ராணிப்பேட்டை, தோல் கெமிக்கல் கிடங்கு: ஏப்ரல் 5 அன்று வந்த சரக்கைக் கேட்டால் மே 4 சரக்கு வருகிறது. ஏப்ரல் 13 என்று கேட்டால் சரியாக வருகிறது. தலை சுற்றுகிறது சார்.

நிபந்தனைக்குள் # குறிகளுக்கு நடுவே எழுதும் தேதியை அக்சஸ் அமெரிக்க முறையில், மாதம் முதலில் நாள் அடுத்து என்று படிக்கும். உங்கள் விண்டோஸ் இந்திய முறையில் இருந்தாலும் இதில் மாற்றமில்லை. 05/04 அதற்கு மே 4. 13/04 என்று கொடுத்தால் பதின்மூன்றாம் மாதம் கிடையாது என்பதால் தானே திருப்பிப் படித்துக்கொள்கிறது. அதனால்தான் மாதத்தின் முதல் 12 நாட்களில் மட்டும் தவறு வருகிறது, மாதக் கடைசியில் சோதித்துப் பார்த்தவர்களுக்குத் தெரிவதே இல்லை.

ஃபார்மட் ஃபங்ஷனால் தேதியை வருடம்-மாதம்-நாள் வரிசைக்கு மாற்றி, இரு பக்கமும் # வைத்து நிபந்தனையில் சேருங்கள். 2025-04-05 என்று போனால் குழப்பத்துக்கே இடமில்லை. சரக்கு வந்த நேரமும் அதே ஃபீல்டில் பதிவாகியிருந்தால் சமம் என்று தேடாதீர்கள். அந்த நாள் முதல் மறுநாளுக்கு முன்வரை என்று தேடுங்கள்.

காட்பாடி, கல்லூரி மாணவர்: அண்ணா, விபி டாட் நெட்டில், குவெரியின் ஒரே ஒரு மதிப்பை எடுத்துத் தரும் எக்ஸிக்யூட் ஸ்கேலர் வைத்து மதிப்பெண்ணை டெக்ஸ்ட் பாக்ஸில் போடுகிறேன். சில பதிவு எண்களுக்கு மட்டும் புரோகிராம் நின்றுவிடுகிறது.

தம்பி, அந்தப் பதிவு எண்ணுக்கு வரியே இல்லை என்றால் எக்ஸிக்யூட் ஸ்கேலர் நத்திங் தரும், அதாவது ஒன்றுமே இல்லை. அதன்மேல், எழுத்தாக மாற்றும் டூஸ்ட்ரிங்கை அழைத்தால் நிற்கத்தான் செய்யும். வரி இருந்து மதிப்பெண் மட்டும் காலி என்றால் வருவது டிபிநல், அதாவது டேட்டாபேஸின் வெற்று மதிப்பு. இரண்டையும் தனித்தனியாகச் சோதித்து, 'பதிவு இல்லை', 'மதிப்பெண் இன்னும் ஏறவில்லை' என்று வேறு வேறாகக் காட்டு. பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றில்லை. அப்புறம், பதிவு எண்ணைக் குவெரி வரியோடு ஒட்டி அனுப்பாதே, பாராமீட்டராக, அதாவது தனி மதிப்பாகவே அனுப்பு. ஒட்டி அனுப்பினால், பெட்டியில் யாராவது அடிக்கும் குவெரித் துண்டும் சேர்ந்து ஓடிவிடலாம்.

வாணியம்பாடி, இரத்த தானக் குழு: ஓ நெகட்டிவ் என்று தேர்ந்தெடுத்தால் எல்லார் பெயரும் ஒரே பெட்டியில் வர வேண்டும். மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில், பல வரிகளை ஒன்றாகச் சேர்க்கும் குரூப் கான்கேட் போட்டோம், கடைசிப் பெயர்கள் பாதியில் அறுந்து வருகின்றன.

குரூப் கான்கேட்டுக்கு இயல்பான வரம்பு 1024 பைட். யூடிஎஃப்-8இல் ஒரு தமிழ் எழுத்துக் குறிக்கு 3 பைட் ஆகிறது, 'கி' என்பதற்கே ககரமும் இகரக் குறியுமாக 6 பைட். அதனால் ஆங்கிலத்தில் எழுதினால் கொள்ளும் பெயர்களில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் தமிழில் கொள்ளும். குரூப் கான்கேட் மேக்ஸ் லென் என்ற செட்டிங்கை அந்த இணைப்பில் உயர்த்துங்கள்.

ஆனால் உங்கள் வேலைக்கு டெக்ஸ்ட் பாக்ஸே வேண்டாம் என்பேன். இரவில் ஓர் அழைப்பு வந்து ஓ நெகட்டிவ் தேடுகிறவருக்குப் பெயர், எண், கடைசியாகக் கொடுத்த தேதி வரிவரியாகத் தெரிய வேண்டும். லிஸ்ட் பாக்ஸோ கிரிட்டோ வையுங்கள், தேதியை வைத்து வரிசைப்படுத்துங்கள்.

ஆற்காடு, தனியார் நூலகம்: நூல் தலைப்பு டேபிளில் தமிழில் சரியாக இருக்கிறது. விபிஏ (அக்சஸுக்குள் புரோகிராம் எழுதும் மொழி) கோடில் தமிழில் ஒரு செய்தி எழுதிப் பெட்டிக்கு அனுப்பினால் ????? என்று வருகிறது.

டெக்ஸ்ட் பாக்ஸ் யூனிகோடைக் காட்டும், டேபிளும் சேமிக்கும். விபிஏ எடிட்டருக்குத்தான் தமிழ் யூனிகோடு தெரியாது, அங்கே அடிக்கும்போதே கேள்விக்குறியாகிவிடுகிறது. 'செய்திகள்' என்று ஒரு சிறு டேபிள் வைத்து, தமிழ் வாக்கியங்களை அதில் எண்ணோடு எழுதி, கோடில் எண்ணைக் கொடுத்து டிலுக்கப்பால் எடுங்கள். அதே காரணத்தால் விபிஏ எழுதப்போகிறீர்கள் என்றால் டேபிள், ஃபீல்டு, பெட்டிப் பெயர்களை ஆங்கிலத்தில் வைப்பது நல்லது. மேலே நான் காட்டிய தமிழ்ப் பெயர்கள் கன்ட்ரோல் சோர்ஸில் ஓடும், கோடுக்குள் தொல்லை கொடுக்கும்.